கொழும்பில் ஒரு கம்பெனி: சத்திரப்பட்டி தறிக்குச் சரிப்பட்டு வருமா?

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கடை வைத்திருப்பவர் ஒருவர். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் தறி போட்டு பேண்டேஜ் துணி நெய்பவர் இன்னொருவர். கடைக்காரரின் தங்கையைத்தான் தறிக்காரர் கட்டியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கற்பனை மனிதர்கள்தான். ஆனால், இப்படி ஒரு மச்சான் - மாப்பிள்ளை ஜோடியை இந்த வட்டாரத்தில் தேடி அலைய வேண்டியதில்லை.

தறிக்காரருக்குக் கொழும்பில் ஒரு வாடிக்கையாளர் உண்டு. ஆறு வருடமாகத் தூத்துக்குடி வழியாகச் சரக்கு போய்க்கொண்டிருக்கிறது. ஆனால், சரக்கு போகிற வேகத்தில் பணம் திரும்பி வருவதில்லை. 'அடுத்த மாதம்' என்று சொன்னது மூன்று மாதமாகிறது. இந்த நேரத்தில்தான் கொழும்பில் இருக்கும் தூரத்து உறவுக்காரர் போனில் ஒரு யோசனை சொல்கிறார்: "ஏன் இன்னொருத்தன் கையை நம்பி இருக்கணும்? இங்க நம்ம பேர்லயே ஒரு கம்பெனி போட்டுருவோம். மூணு நாள் வேலை."

தறிக்காரர் அன்று இரவே பீரோவைத் திறந்து வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பார்க்கிறார். விஷயம் கேள்விப்பட்ட மச்சானுக்கும் ஆசை வந்துவிடுகிறது. "மாப்ளே, அப்படியே நம்ம பால்கோவாவையும் ஏத்திருவோம். வெள்ளவத்தைல தமிழாளுக எத்தனை பேரு இருக்காங்க!"

இருவரும் ராஜபாளையத்தில் ஆடிட்டரைப் பார்க்கப் போகிறார்கள். அவர் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொல்கிறார்: "மூணு நாள்ல கம்பெனி போட்டுறலாம் அண்ணாச்சி. அது எதுக்குன்னு முடிவு பண்றதுக்குத்தான் மூணு மாசம் ஆகணும்."

அவர் சொன்னதில் பெரிய அர்த்தம் இருக்கிறது.

உள்ளூரிலேயே ஓர் உதாரணம்

கடல் தாண்டிக் கம்பெனி நடத்துவது இந்த ஊருக்குப் புதிதல்ல. 1936-ல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய பி.ஏ.சி.ராமசாமி ராஜாவின் வழி வந்ததுதான் ராம்கோ குழுமம். அதில் ஒன்றான ராம்கோ இண்டஸ்ட்ரீஸின் பதிவு அலுவலகம் ராஜபாளையத்தில்தான் இருக்கிறது. கூரைக்குப் போடும் சிமென்ட் ஷீட் தயாரிக்கும் நிறுவனம் அது. அதற்கு இலங்கையில் 'ஸ்ரீ ராம்கோ லங்கா' என்ற துணை நிறுவனம் உண்டு. அங்கேயே ஷீட் தயாரித்து, அங்கேயே விற்கிறது.

ஏன் அங்கேயே தயாரிக்க வேண்டும்? சரக்கைப் பார்த்தாலே புரியும். சிமென்ட் ஷீட் கனமானது, இடத்தை அடைப்பது, ஏற்றி இறக்கினால் உடைவது. கப்பலில் ஏற்றினால் விலையைவிட வாடகை பயமுறுத்தும். வாங்குபவர்களோ இலங்கையில் வீடு கட்டுகிறவர்கள். ஆக, அந்தக் கம்பெனி அங்கே இருப்பதற்கான காரணம் அந்த மண்ணிலேயே இருக்கிறது.

அப்படிப்பட்ட தொழிலுக்கும் ஆபத்து எந்தத் திசையிலிருந்தும் வரும். ஆஸ்பெஸ்டாஸ் உடம்புக்குக் கெடுதல் என்பதால் 2018 முதல் அதன் இறக்குமதியைக் கட்டுப்படுத்த இலங்கை அரசு முடிவெடுத்தது. 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியில் வண்டு இருந்ததாகச் சொல்லி இலங்கைத் தேயிலை இறக்குமதியை ரஷ்யா நிறுத்தியது. ஆஸ்பெஸ்டாஸை அதிகம் வெட்டியெடுக்கும் நாடுகளில் ஒன்று ரஷ்யா! சில நாட்களில் இலங்கை தன் முடிவைத் தள்ளிவைத்தது. தேயிலை வண்டு கூரைத் தொழிலின் தலையெழுத்தைத் தொட்டுவிட்டுப் போனது. பக்கத்து நாட்டில் தொழில் செய்வதென்றால் இதையெல்லாம் தாங்கும் தெம்பு வேண்டும்.

சலுகை கம்பெனிக்கு இல்லை, சரக்குக்கு!

தறிக்காரர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "சார், நம்ம கம்பெனின்னா சுங்கவரி குறையுமில்ல?"

குறையாது. பலரும் சறுக்கும் இடம் இது.

தெற்காசியாவின் எட்டு நாடுகள் சேர்ந்தது சார்க். அதன் தடையற்ற வர்த்தக ஒப்பந்தமான 'சாஃப்டா' 2004-ல் இஸ்லாமாபாத்தில் கையெழுத்தாகி, 2006 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. சார்க் தலைவர்கள் கடைசியாகக் கூடியது 2014-ல், காத்மாண்டுவில். அதற்குப் பின் மாநாடே நடக்கவில்லை. ஆனால், இந்தியாவும் இலங்கையும் அதற்கு முன்பே தனியாக ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. 1998 டிசம்பர் 28-ல் கையெழுத்தானது, 2000 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கு அனுப்புகிறவர் பெரும்பாலும் பார்ப்பது இந்த ஒப்பந்தத்தைத்தான்.

இரண்டு ஒப்பந்தங்களிலும் சலுகை, சரக்கு எந்த நாட்டில் பிறந்தது என்பதைப் பொறுத்தது. இந்திய - இலங்கை ஒப்பந்தப்படி, பொருளின் மதிப்பில் குறைந்தது 35% ஏற்றுமதி செய்யும் நாட்டிலேயே உருவாகியிருக்க வேண்டும். சலுகை கிடையாது என்று ஒதுக்கிவைத்த பொருட்களின் பட்டியலும் இரு பக்கமும் உண்டு. சத்திரப்பட்டித் துணியில் பருத்தி, நூல், நெசவு எல்லாம் நம் ஊர். ஆகவே, பொருள் அந்தத் தடைப் பட்டியலில் இல்லாவிட்டால், பிறப்பிடச் சான்றிதழை வைத்துச் சலுகை கேட்கலாம். அதை வாங்குவது சொந்தக் கம்பெனியா, அடுத்தவர் கம்பெனியா என்று சுங்கத்துறை பார்க்காது.

வனஸ்பதி கற்றுக்கொடுத்த பாடம்

வரி வித்தியாசத்தை மட்டும் நம்பிக் கம்பெனி போட்டால் என்ன ஆகும்? அதற்கும் ஒரு கதை இருக்கிறது.

ஒப்பந்தம் வந்த சில வருடங்களில், இலங்கையில் திடீரென்று வனஸ்பதி தொழிற்சாலைகள் முளைத்தன. முதலீட்டாளர்களில் பலர் இந்தியர்கள். இலங்கையில் வனஸ்பதிக்குப் பெரிய தேவை எதுவும் இல்லை. அப்புறம் ஏன்? பாமாயில் மீது இந்தியாவில் இறக்குமதி வரி அதிகம், இலங்கையில் குறைவு. மலேசியா, இந்தோனேஷியா பக்கமிருந்து பாமாயிலை இலங்கைக்குக் கொண்டுவந்து, வனஸ்பதியாக்கி, ஒப்பந்தச் சலுகையில் வரியில்லாமல் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். செம்பிலும் இதே கதைதான். ஒரு கட்டத்தில் இலங்கையிலிருந்து இந்தியா வந்த சரக்கில் இந்த இரண்டும்தான் பெரும் பங்கு.

இந்தியாவில் வனஸ்பதி தயாரிப்பவர்கள் சும்மா இருப்பார்களா? கூக்குரல் எழுந்தது. வருடத்துக்கு 2.5 லட்சம் டன் என்று இந்தியா அளவு வைத்தது. இறக்குமதி செய்யும் வழியையும் குறுக்கியது. பாமாயில் வரியிலிருந்த இடைவெளியும் சுருங்கியது. அதோடு அந்தத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மிளகிலும் இதேபோல் புகார் வந்து, கிலோ 500 ரூபாய்க்குக் கீழே மிளகு இறக்குமதி செய்யக் கூடாது என்று 2017 டிசம்பரில் இந்தியா விலை வரம்பு வைத்தது. 2020 முதல், பிறப்பிடத்துக்கு ஆதாரம் வைத்திருக்கும் பொறுப்பை இறக்குமதியாளர் தலையிலேயே சுங்கத்துறை ஏற்றிவிட்டது.

"பாத்துக்கிடுங்க அண்ணாச்சி. அரசாங்கம் திறந்த கதவு, அரசாங்கமே சாத்தும். அந்தக் கதவுக்குள்ள மட்டும் கடை போடாதீங்க" என்றார் ஆடிட்டர்.

பதிவு எப்படி நடக்கிறது?

உறவுக்காரர் சொன்னது பொய்யில்லை. பதிவு சுலபம்தான். நம் ஊரில் 'துறை' என்பதை அங்கே 'திணைக்களம்' என்பார்கள். கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையதளத்திலேயே வேலையை முடிக்கலாம். 2007-ம் ஆண்டின் 7-ம் எண் கம்பனிச் சட்டப்படி நடக்கிறது.

முதலில் பெயருக்கு ஒப்புதல். பிறகு பதிவு விண்ணப்பமான படிவம் 1. இயக்குநரின் சம்மதத்துக்குப் படிவம் 18. செயலாளரின் சம்மதத்துக்குப் படிவம் 19. கூடவே கம்பெனியின் அமைப்பு விதிகள். ஒரே ஒரு பங்குதாரர் இருந்தாலும் போதும். ஆனால், இலங்கையில் ஒரு பதிவு முகவரி வேண்டும். செயலாளர் ஒருவர் கட்டாயம். பதிவு ஆனதும் அதைப் பொது அறிவிப்பாக வெளியிட வேண்டும்.

நம் ஊர்ப் பணத்தைப் பங்கு மூலதனமாகக் கொண்டுபோக, அங்கே வங்கியில் 'உள்முக முதலீட்டுக் கணக்கு' என்ற தனிக் கணக்கு திறக்க வேண்டும். பணம் அந்த வழியாகப் போனால்தான், பின்னால் லாபத்தையோ முதலையோ சட்டப்படி திரும்பக் கொண்டுவர முடியும். 'அங்க இருக்கிற சொந்தக்காரர் கையில கொடுத்து, அவர் பேர்ல பங்கு போட்டுக்குவோம்' என்று ஆரம்பிப்பவர்கள் பிற்பாடு பணத்தையும் இழப்பார்கள், சொந்தத்தையும் இழப்பார்கள்.

நிலம் வாங்கும் ஆசை வேண்டாம். 2014-ம் ஆண்டுச் சட்டப்படி வெளிநாட்டினரோ, பாதியோ அதற்கு மேலோ வெளிநாட்டுப் பங்கு உள்ள கம்பெனியோ பொதுவாக நிலத்தை விலைக்கு வாங்க முடியாது; குத்தகைக்குத்தான் எடுக்கலாம். கம்பெனி வரி பொதுவாக 30%. வாட் வரி 18%. வியாபாரம் நடக்கிறதோ இல்லையோ, செயலாளர் சம்பளம், ஆடிட், ஆண்டறிக்கை என்று செலவு மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும்.

மற்ற அண்டை நாடுகளில் வேறு வேறு கணக்கு. நேபாளத்தில் பெரும்பாலான துறைகளில் வெளிநாட்டவர் குறைந்தது 2 கோடி நேபாள ரூபாய் முதலீடு செய்ய வேண்டும். நம் பணத்தில் 1.25 கோடி. சிறு தறிக்காரருக்கு வாசலிலேயே கும்பிடு!

இந்தியப் பக்கம் இருக்கிறது சூட்சுமம்

கொழும்புப் பதிவைவிட ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது நம் பக்கத்தில். அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் கீழ், வெளிநாட்டு முதலீட்டுக்கான புதிய விதிகள் 2022 ஆகஸ்ட் 22 முதல் அமலில் இருக்கின்றன.

தறிக்காரரின் தொழில் அவர் பெயரில் உள்ள தனிநபர் தொழிலாக இருந்தால், ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர் என்ற தனிநபர் வரம்புக்குள்தான் அனுப்ப முடியும். 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு வங்கி 20% டி.சி.எஸ். பிடிக்கும். அதை வருமான வரி ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், அதுவரை அந்தப் பணம் கையில் இல்லை. தொழில், பதிவு பெற்ற பார்ட்னர்ஷிப்பாகவோ பிரைவேட் லிமிடெட்டாகவோ இருந்தால், நிகர மதிப்பைப் போல நான்கு மடங்கு வரை முதலீடு செய்ய வழி இருக்கிறது.

பணம் போவதற்கு முன்பே வங்கி வழியாகப் படிவம் கொடுத்து ரிசர்வ் வங்கியின் தனி அடையாள எண் வாங்க வேண்டும். பணம் போன ஆறு மாதத்துக்குள் பங்குச் சான்றிதழைக் காட்ட வேண்டும். ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 31-க்குள் அந்தக் கம்பெனியின் செயல்பாட்டு அறிக்கை தர வேண்டும். வருமான வரி ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துக்கான பகுதியை நிரப்ப வேண்டும். மறைத்தால், 2015-ம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் வரக்கூடும். சொந்தக் கம்பெனிக்கே சரக்கு விற்கும்போது, மூன்றாம் மனிதருக்கு விற்கும் விலைக்குத்தான் விற்க வேண்டும் என்ற வரி விதியும் உண்டு.

"அப்போ பத்திரத்தை வச்சு லோன் போட்டு அனுப்பிரலாமில்ல சார்?"

"அதுதான் முடியாது. தனிநபர் வரம்புல வெளிநாட்டுல முதலீடு பண்ண, பேங்க் கடனே கொடுக்கக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு. வீட்டுச் செலவுக்குன்னு வாங்கி இதுக்குத் திருப்புனீங்கன்னா அது வேற தப்பு. உங்க கையிருப்புல இருந்துதான் போகணும்."

தறிக்காரர் முகத்தில் ஏமாற்றம். ஆனால், அந்த விதி அவரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது என்பதற்கு 2022 சாட்சி.

ஒரே வசந்தத்தில் கரைந்த பணம்

2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டாலருக்குச் சுமார் 200 இலங்கை ரூபாய். மே மாதத்தில் 360 வரை போனது. ஏப்ரல் 12-ல், வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்துகிறோம் என்று இலங்கை அரசே அறிவித்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கொழும்புக் கடைகளில் 20 லட்சம் இலங்கை ரூபாய் கடன் பாக்கி நிற்கிறது. 200 கணக்கில் அது 10,000 டாலர். 360 கணக்கில் 5,555 டாலர். வாடிக்கையாளர் யாரும் ஏமாற்றவில்லை. எல்லாரும் ஒழுங்காகப் பணம் கட்டிவிட்டார்கள். இருந்தும் கிட்டத்தட்ட பாதி போய்விட்டது. ஏற்றுமதியாளராக டாலரில் பில் போட்டிருந்தால் இந்த நஷ்டம் வாங்குபவர் தலையில் விழுந்திருக்கும். அங்கே கம்பெனி வைத்து உள்ளூர்ப் பணத்தில் விற்றால், நம் தலையில். சொந்தக் கம்பெனி போடும்போது ஏஜென்டின் லாபத்தோடு அவருடைய ஆபத்தும் சேர்ந்தே நம்மிடம் வருகிறது.

அப்படியானால் கம்பெனியே வேண்டாமா?

இந்த இடத்தில்தான் ஆடிட்டர் ஒரு கேள்வி கேட்டார்: "கொழும்புல உங்க பேண்டேஜோட மருத்துவப் பதிவு யார் பேர்ல இருக்கு?"

தறிக்காரர் விழித்தார்.

வெறும் துணிச் சுருளாகப் போனால் அது ஜவுளி. வெட்டி, மடித்து, மருத்துவ உபயோகத்துக்கென்று சில்லறைப் பாக்கெட்டில் போட்டால் சுங்கக் கணக்கில் 3005 என்ற தலைப்புக்குப் போய்விடும். இலங்கையில் மருத்துவச் சாதனங்களை விற்க, 2015-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபையில் பதிவு வேண்டும். வெளிநாட்டுத் தயாரிப்பாளருக்காக அங்கே உள்ள ஒரு நிறுவனம்தான் அதைச் செய்யும். அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை இலவசம் என்பதால், பேண்டேஜுக்கு அங்கே பெரிய வாடிக்கையாளர் அரசாங்கமே. டெண்டரில் நுழைய அந்தப் பதிவு வேண்டும்.

பதிவு ஏஜென்டின் கையில் இருந்தால், குடுமியும் அவர் கையில். பணத்தை இழுத்தடித்தாலும் அவரை விட்டு இன்னொருவரிடம் போவது கஷ்டம். பதிவு வேலையை முதலிலிருந்து தொடங்கவேண்டி வரலாம். தறிக்காரர் ஆறு வருடமாக அனுபவித்த நோய்க்குப் பெயர் இதுதான். சொந்தக் கம்பெனி இருந்தால் பதிவு தன் பேரில் இருக்கும். விற்பனைக்கு எத்தனை விநியோகஸ்தர்களை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், மாற்றலாம்.

ஷீட்டுக்குக் கனம் போல, பேண்டேஜுக்கு இந்தப் பதிவு. அந்தக் கம்பெனி கொழும்பில் இருப்பதற்கு இது சரியான காரணம். அதற்குப் பெரிய முதலீடும் தேவையில்லை. குடோன், லாரி, ஷோரூம் எதுவும் வேண்டாம். பதிவு முகவரி, செயலாளர், வங்கிக் கணக்கு, அதிகாரசபை வேலையைத் தெரிந்த ஓர் ஆள் போதும்.

பால்கோவாவுக்கு மட்டும் 'நோ'

மச்சானின் முறை வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மை. ஆனால், அந்தப் பாதுகாப்பு இந்தியாவுக்குள்தான். அங்கே வேண்டுமென்றால் அங்கே தனியாக வாங்க வேண்டும். பாலும் சீனியும் மட்டும் சேர்த்து விறகடுப்பில் கிண்டிய பொருள் சில நாட்களில் சுவை மாறிவிடும். துறைமுகம், உணவுப் பரிசோதனை, சுங்கம் என்று சரக்கு நிற்கும் நாட்களை அது தாங்காது. கெடாமல் இருக்க எதையாவது சேர்த்தால் அது ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவாக இருக்காது.

"நாமளே வெள்ளவத்தைல கடை போட்டு, அங்கேயே கிண்டுனா?"

"50 லட்சம் டாலருக்குக் குறைஞ்ச முதலீட்டுல வெளிநாட்டுக்காரங்க அங்க சில்லறைக் கடை நடத்த முடியாதுண்ணாச்சி."

பால்கோவாக்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டார். பிறகு சிரித்துவிட்டார். "ஆண்டாள் சந்நிதித் தெருவை விட்டு நான் ஏன் போகணும்? வெள்ளவத்தைக்காரங்க கோயிலுக்கு வரும்போது வாங்கிட்டுப் போகட்டும்."

தறிக்காரர் கடைசியில் எடுத்த முடிவு இது. புது ஆர்டருக்கெல்லாம் டாலரில் பில், பாதிப் பணம் முன்னால். பழைய பாக்கி வரும்வரை பழைய ஏஜென்டுக்குச் சரக்கு நிறுத்தம். மருத்துவப் பதிவு எந்தப் பேரில், எந்தத் தேதிவரை இருக்கிறது என்று முதலில் விசாரிப்பது. அதன் காலம் முடிகிற சமயம் பார்த்து, தன் பேரில் 100% பங்கோடு சின்னதாக ஒரு கம்பெனி. மூலதனம், முழுதாகப் போனாலும் தறி நிற்காத அளவுக்கு மட்டும். உறவுக்காரருக்குச் சம்பளம் உண்டு, பங்கு கிடையாது.

"அவருகிட்ட இதை எப்படிச் சொல்றது மச்சான்?" என்று வெளியே வரும்போது கேட்டார் தறிக்காரர்.

"ரெண்டு கிலோ பால்கோவா தர்றேன். நேர்ல போய்க் கொடுத்துட்டுச் சொல்லு மாப்ளே. அந்த அளவுக்குத் தாங்கும்."

வீட்டுக்கு வந்ததும் பத்திரம் பழையபடி பீரோவுக்குள் போனது.